முதலில் அந்த விளக்கு எரியட்டும்

தம்பி மகள் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சனிக்கிழமை அவள் கல்லூரியில் ஒருநாள் பயிலரங்கு. மைக்ரோகன்ட்ரோலர் பற்றியும் இணையத்தோடு பேசும் கருவிகள் பற்றியும் புதியவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பெயர் கொடுத்தவர்களுக்கு வேண்டிய பொருள்களை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட்டார்கள். அந்த டப்பாவை மூடியைக்கூடத் திறக்காமல் கொண்டுவந்திருந்தாள்.

"அத்தை, இதுல எது எதுன்னே தெரியலைங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்கெல்லாம் வருவாங்க. நான் போறதா வேண்டாமான்னு யோசனையா இருக்குதுங்க."

பால் அடுப்பில் இருந்தது. "டீ குடிச்சுக்கிட்டே பார்க்கலாம், கண்ணு. எல்லாத்தையும் எடுத்து மேசைமேல பரப்பு" என்றேன். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள் நான். இப்படிப்பட்ட பயிலரங்குகள் சிலவற்றை நடத்தியும் இருக்கிறேன். அன்று அவளுக்குச் சொன்னது, அவளைப் போலத் தயங்கி நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

டீயை ஊற்றும்போது முதலில் நான்தான் கேள்வி கேட்டேன். "உங்க தோட்டத்துல மோட்டார் யாரு எடுத்துவிடறாங்க?"

"அப்பாதாங்க. வீட்டுல இருந்தே ஃபோன்ல எடுத்துவிடுவாரு. கரண்டு வந்தா ஸ்டார்ட்டர் பெட்டியே அவருக்கு கால் பண்ணும்."

"அப்படின்னா சனிக்கிழமை நீ கத்துக்கப் போறது உங்க வீட்டுக்குப் புதுசில்ல."

கிணற்றடியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சில்லும் இருக்கின்றன. மூன்று ஃபேஸும் வந்துவிட்டனவா என்று அந்தச் சில்லு பார்க்கிறது. வந்திருந்தால் தோட்டக்காரருக்குத் தகவல் சொல்கிறது. அவர் ஓடச் சொன்னால் ஸ்டார்ட்டரை இயக்குகிறது. கிணறு வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் அது இழுக்கும் மின்னோட்டம் குறையும். அதைக் கண்டுகொண்டு மோட்டாரை நிறுத்தியும் விடுகிறது. அறிவது, முடிவெடுப்பது, செய்வது, சொல்வது என்று நான்கு வேலை. இணைக்கப்பட்ட கருவி எதை எடுத்தாலும் இந்த நான்கில் சிலவோ நான்குமோ இருக்கும்.

நடுவில் இருந்து முடிவெடுக்கும் அந்தச் சில்லுதான் மைக்ரோகன்ட்ரோலர். தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்கிறோம். கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளியுலகைத் தொடும் கால்கள் எல்லாம் ஒரே சில்லுக்குள் அடங்கியிருக்கும். ஃபோனில் நூறு செயலிகள் ஓடும். இதற்குள் நாம் எழுதிய ஒரே ஒரு நிரல்தான். மின்சாரம் வந்த நொடியில் தொடங்கி, மின்சாரம் போகும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும்.

அவள் டப்பாவில் இருந்தது ஈஎஸ்பி32 என்ற சில்லு பொருத்திய போர்டு. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த சில்லு அது. வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. தற்காலிக நினைவகம் 520 கிலோபைட். நம் கையில் இருக்கும் ஃபோனின் நினைவகம் இதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. ஆனால் ஒரு செடித்தொட்டியின் ஈரத்தைப் பார்த்து, காய்ந்திருந்தால் தகவல் அனுப்ப 520 கிலோபைட் தாராளம்.

"எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவங்களுக்கு இது புரியுமாங்க?"

இத்தாலியில் இவ்ரேயா என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த வடிவமைப்புக் கல்விக்கூடத்து மாணவர்கள் பொறியாளர்கள் இல்லை. தாங்கள் கற்பனை செய்த பொருள்களை இயங்கவைக்க அவர்களுக்கு விலை குறைந்த, பயமுறுத்தாத ஒரு போர்டு தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து 2005இல் பிறந்ததுதான் ஆர்டுயினோ. அதை உருவாக்கியவர்கள் கூடிப் பேசும் மதுக்கடை ஒன்று அவ்வூரில் இருந்தது. அந்தக் கடைக்குப் பழைய அரசர் ஒருவரின் பெயர். கடையின் பெயரே போர்டுக்கும் வந்தது. இன்று உலகம் முழுக்கப் பயிலரங்குகளில் திறக்கப்படும் ஆர்டுயினோ மென்பொருள், முதலிலேயே மின்னணுவியல் படிக்காதவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. "தாவரவியல் படிக்கற பொண்ணு வந்து உட்காரணும்னுதான் அந்த நாற்காலியையே போட்டாங்க, கண்ணு. தைரியமா போ" என்றேன்.

போவதென்று முடிவானது. இனி எப்படித் தயாராவது?

பெரும்பாலோர் தயாரிப்பு என்றால் நிரல் எழுதப் படிப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிரல் எழுதச் சொல்லித்தரத்தான் பயிலரங்கு நடத்துகிறார்கள். நாம் வீட்டில் செய்ய வேண்டியது வேறு.

சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய பயிலரங்கு ஒன்றுக்கு முப்பது பேர் வந்தார்கள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினோம். முப்பது லேப்டாப்பும் ஒரே வைஃபையில் மென்பொருளை இறக்கத் தொடங்கின. எதுவும் நகரவில்லை. இறக்கி முடித்தவர்களில் பாதிப் பேருடைய போர்டைக் கணினி கண்டுகொள்ளவில்லை. சிலருக்குக் கேபிள் கோளாறு, சிலருக்கு டிரைவர் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது போர்டின் விளக்கு எரிந்தது நான்கைந்து மேசைகளில்தான். மற்றவர்கள் தங்களுக்கு இது வராது என்ற எண்ணத்தோடு சாப்பிடப் போனார்கள். அது என் தவறு. முன்கூட்டியே செய்துவர வேண்டியதை நான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அவர்களுக்கு வராமல் போனது மைக்ரோகன்ட்ரோலர் இல்லை, டவுன்லோடுதான். ஆனால் அந்த வித்தியாசம் புதியவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிவருகிறேன். இந்த வேலை ஒரு சங்கிலி. கேபிள், டிரைவர், மென்பொருள், போர்டு, ஒயர், சென்சார், வைஃபை, அப்புறம் தொலைவில் இருக்கும் சர்வர். கடைசியில் உங்கள் ஃபோனில் ஓர் எண் தெரிய வேண்டுமானால் இத்தனை கண்ணிகளும் பிடித்திருக்க வேண்டும். ஏதோ ஒன்று விட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றேதான், வேலை செய்யவில்லை என்பது. ஆகவே ஒவ்வொரு கண்ணியையும் தனியாகச் சோதித்து, இதுவரை சரி என்று உறுதி செய்துகொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இதைப் பழகிக்கொள்வதுதான் தயாரிப்பு.

வீட்டிலேயே முடித்துவிட வேண்டியவை

கேபிளில் தொடங்கினோம். யூஎஸ்பி கேபிள்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு வகை. சாதாரணக் கேபிளில் நான்கு கம்பி. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சில மலிவான சார்ஜர் கேபிள்களில் தகவல் கம்பிகள் இரண்டும் கிடையா. அதைக் குத்தினால் போர்டில் சிவப்பு விளக்கு எரியும். எல்லாம் சரி என்று தோன்றும். கணினிக்கோ போர்டு வந்ததே தெரியாது. சோதிப்பது எளிது. அந்தக் கேபிளில் ஃபோனை லேப்டாப்போடு இணைத்து, ஒரு படத்தை நகலெடுத்துப் பார்க்க வேண்டும். படம் வந்தால் கேபிள் நல்லது. அவள் கொண்டுவந்திருந்த இரண்டு கேபிள்களில் ஒன்றில் படம் வரவில்லை. அதை அங்கேயே சார்ஜருக்கென்று ஒதுக்கி, நல்ல கேபிளில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டாள்.

அடுத்தது டிரைவர். போர்டுக்கும் கணினிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் போல இன்னொரு சின்னச் சில்லு உண்டு. யூஎஸ்பி பொருத்தும் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். பொடி எழுத்தாக இருப்பதால் ஃபோன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். பெரும்பாலும் சிபி2102 அல்லது சிஎச்340 என்றிருக்கும். அந்தப் பெயருக்கான டிரைவரைக் கணினியில் நிறுவ வேண்டும். போர்டைக் குத்தியதும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் போர்ட்கள் என்ற தலைப்பின்கீழ் ஒரு காம் எண் தோன்றினால் இந்தக் கண்ணியும் பிடித்துவிட்டது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக டிரைவர் வேண்டாம். ஆனால் சீரியல் போர்ட்டைத் தொடும் அனுமதிக்காகத் தங்கள் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்க வேண்டிவரும்.

மூன்றாவது மென்பொருள். ஆர்டுயினோ மென்பொருளை நிறுவிய பிறகு, ஈஎஸ்பி32க்கான தொகுப்பை அதற்குள் போர்டு மேனேஜர் வழியாகத் தனியாகச் சேர்க்க வேண்டும். இது சில நூறு மெகாபைட் இருக்கும். பயிலரங்கில் எல்லோரும் சேர்ந்து இறக்கவே கூடாத பொருள் இதுதான். அவளிடம் இருந்தது அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப். டிஸ்க்கில் இடம் போதவில்லை. பழைய படங்களையெல்லாம் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, இறக்கப் போட்டோம். அது இறங்கி முடிய இரண்டாவது டீயும் ஆனது.

லேப்டாப்பே இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வோக்வி என்ற இணையதளத்தில் இதே போர்டையும் விளக்குகளையும் திரையில் வரைந்து, நிரலை ஓட்டிப் பார்க்கலாம். கல்லூரிக் கணினி அறையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும்.

மென்பொருள் இறங்கியதும், கூடவே வரும் பிளிங்க் என்ற மாதிரி நிரலைத் திறக்கச் சொன்னேன். விளக்கை ஒரு நொடி எரியவிட்டு ஒரு நொடி அணைக்கும் நிரல். அதில் இரண்டு பகுதி. செட்அப் என்பது காலையில் கடை திறப்பது போல, ஒரே முறை. லூப் என்பது நாள் முழுக்க நடக்கும் வியாபாரம், திரும்பத் திரும்ப. இந்த இரண்டும் புரிந்தால் பயிலரங்கில் காட்டப்போகும் நிரல்களின் எலும்புக்கூடு புரிந்தது.

பல ஈஎஸ்பி32 போர்டுகளில் 2ஆம் எண் காலோடு இணைத்த நீல விளக்கு இருக்கும். சில போர்டுகளில் அது இல்லை, அங்கே வெளியே ஒரு எல்இடியை இணைத்துத்தான் பார்க்க வேண்டும். நிரலை ஏற்றும்போது திரையில் 'கனெக்டிங்' என்ற சொல்லும் புள்ளிகளுமாக வந்துகொண்டே இருந்தால், போர்டில் பூட் என்று எழுதிய பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறத் தொடங்கியதும் விட்டுவிடலாம். சில போர்டுகளின் இயல்பு அது. பழுது இல்லை.

நீல விளக்கு சிமிட்டியது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான்கு கண்ணிகள் பிடித்துவிட்டன. அன்றிரவே அவள் வீட்டுக்குப் போயிருந்தாலும் சனிக்கிழமைக்கு முக்கால்வாசி தயார்.

பலகையும் ஒயரும்

துளைகள் நிறைந்த அந்த வெள்ளைப் பலகையைக் கையில் எடுத்தாள். "இது எதுக்குங்க?"

அதன் பெயர் பிரெட்போர்டு. பழைய நாளில் ரேடியோ செய்து பார்த்தவர்கள், ரொட்டி நறுக்கும் மரப்பலகையில் ஆணியடித்துப் பாகங்களை இணைத்தார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. இன்றைய பலகையில் ஆணியும் வேண்டாம், ஈயப்பற்றும் வேண்டாம். துளைக்குள் குத்தினால் உள்ளிருக்கும் உலோகக் கவ்வி பிடித்துக்கொள்ளும்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். நடுப்பகுதியில் வரிசைக்கு ஐந்து துளைகள், அந்த ஐந்தும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று இணைந்தவை. நடுவே ஓடும் பள்ளத்தைத் தாண்டினால் அடுத்த ஐந்து வேறு குடும்பம். ஓரங்களில் நீளவாக்கில் சிவப்பும் நீலமுமாக ஓடும் கோடுகள், மின்சாரத்தைப் பலகை நெடுகக் கொண்டுபோக. சில பெரிய பலகைகளில் அந்த ஓரக்கோடு பாதியில் அறுந்திருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் எல்இடியின் இரண்டு காலையும் ஒரே ஐந்து துளைகளுக்குள் குத்திவிடுவார்கள். இரண்டு காலும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டதால் விளக்குக்குள் மின்சாரம் போகாது. அவளும் அதைத்தான் செய்தாள். நான் திருத்தவில்லை. பலகையின் படத்தை நோட்டில் வரைந்து, மின்சாரம் போகும் வழியைப் பென்சிலால் தொடரச் சொன்னேன். பாதி வழியில் அவளே நிறுத்தி, ஒரு காலைப் பிடுங்கி அடுத்த வரிசையில் குத்தினாள். ஒயர் குத்துமுன் பென்சிலால் வரைந்து பார்க்கும் அந்தப் பழக்கம் போகப்போகக் கைகொடுக்கும்.

எல்இடிக்கு நீளக் கால் நேர்முனை, குட்டைக் கால் எதிர்முனை. மாற்றிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான். ஆனால் ரெசிஸ்டர் இல்லாமல் இணைக்கக் கூடாது. இந்தப் போர்டின் கால் தருவது 3.3 வோல்ட். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். மீதி 1.3 வோல்ட். 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால், 1.3ஐ 220ஆல் வகுக்க, ஓடுவது சுமார் 6 மில்லிஆம்பியர். விளக்குக்கும் போதும், காலுக்கும் பாரமில்லை. ரெசிஸ்டர் இல்லையென்றால் மின்னோட்டத்துக்குக் கடிவாளம் இல்லை. விளக்கோ போர்டின் காலோ கெட்டுப்போகும். பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே வேலைக்கு வருகிறது. ரெசிஸ்டரின் மேல் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று கோடுகள் இருந்தால் 220 ஓம். முதல் சிவப்பு 2, அடுத்த சிவப்பு 2, பழுப்பு ஒரு சைபர்.

3.3 வோல்ட் என்ற எண்ணை அவள் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொன்னேன். பழைய ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டில் பேசும் போர்டு. அதற்கென்று வந்த சென்சார்கள் சில 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 அப்படிப்பட்டது. அதன் எக்கோ காலை நேராக ஈஎஸ்பி32இல் குத்தக் கூடாது. ஒரு 1 கிலோஓம், ஒரு 2 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர்களால் பங்கிட்டால் 5 வோல்ட் 3.3 ஆக இறங்கிவிடும். எந்தப் பொருளை இணைக்குமுன்னும் அது எத்தனை வோல்ட்டில் பேசும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

டப்பாவில் ரிலே என்ற மின்சுவிட்ச் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி மட்டும் குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டேன். ரிலேயால் வீட்டு விளக்கையும் மோட்டாரையும் இயக்க முடியும், உண்மைதான். ஆனால் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், தோட்டத்து மூன்று ஃபேஸ் 400க்கும் மேலே. இந்த யூஎஸ்பி கேபிளில் வருவது 5 வோல்ட். தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் இருப்பது 5 வோல்ட்டில் மட்டும்தான். ரிலே 'டக்' என்று சத்தம் போடுவதைக் கேட்டாலே அது வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். சுவரில் இருக்கும் பிளக்கோடு அதை இணைக்கும் வேலை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது.

மண்ணின் ஈரம் எண்ணாகும்போது

மண் ஈரம் பார்க்கும் சென்சாரை எடுத்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவள் பாடத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

இதில் இரண்டு வகை. இரண்டு உலோகக் கவைகளை மண்ணில் நட்டு, நடுவே மின்சாரம் ஓடுவதைப் பார்ப்பது ஒரு வகை. ஈர மண்ணில் மின்சாரம் ஓட ஓட மின்பகுப்பு நடந்து உலோகம் அரித்துப்போகும். சில வாரங்களில் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. இன்னொன்று மின்தேக்குத் திறனை அளப்பது. அதில் உலோகம் மண்ணைத் தொடாது, அதனால் நாள்பட வரும். அவளிடம் இருந்தது இரண்டாவது வகை.

இந்தச் சென்சார் ஈரம் என்று எதையும் சொல்வதில்லை. ஒரு வோல்டேஜைத்தான் தருகிறது. போர்டு அதை 0 முதல் 4095 வரையிலான ஓர் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது நம் வேலை. காற்றில் பிடித்தபடி வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு டம்ளர் தண்ணீரில், மேலே போட்டிருக்கும் கோடு நனையாமல் முக்கி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். தண்ணீரில் எண் குறைந்தது. "ஈரம் ஏறினா எண் இறங்குதுங்களே" என்றாள். இந்த வகை அப்படித்தான். காய்ந்த நிலைக்கு ஓர் எண், நனைந்த நிலைக்கு ஓர் எண். மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே. செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் தென்னைநார்க் கழிவுக்கும் எண்கள் மாறும், எந்த எண்ணில் செடி வாடத் தொடங்குகிறது என்று சொல்லக் கணினி படித்தவரால் முடியாது. அதைச் சொல்லத் தாவரவியல் படித்தவர் வேண்டும்.

எண்களைப் பார்க்கும் சீரியல் மானிட்டர் திரையில் முதலில் கோணல்மாணலான குறிகள் வந்தன. நிரல் 115200 வேகத்தில் பேசியது, திரை 9600 வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கியதும் எண்கள் தெளிந்தன. இப்படி ஒன்றைப் பார்த்தால் சென்சாரைப் பிடுங்க ஓடக் கூடாது. முதலில் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

வைஃபை, பேப்பர் ஏஜென்ட், பூட்டு

கல்லூரியின் வைஃபை பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். போர்டுக்குத் திரையும் இல்லை, விரலும் இல்லை. அந்த வாசலை அதனால் தாண்ட முடியாது. ஃபோனின் ஹாட்ஸ்பாட்தான் கைகொடுக்கும். ஆனால் இந்த ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே கேட்கும், 5 கிகாஹெர்ட்ஸ் கேட்காது. புதிய ஃபோன்கள் 5இல் இருந்தால் அமைப்புக்குள் போய் 2.4க்கு மாற்ற வேண்டும். ஹாட்ஸ்பாட்டின் பெயர் இடைவெளி இல்லாமல், எளிய ஆங்கில எழுத்தில் இருந்தால் தட்டச்சில் பிழை வராது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் போர்டு பார்க்கும். டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஒரு செடியின் ஈரத்தைச் சொல்ல சில பத்து எழுத்துகள் போதும்.

வைஃபை தேடும் மாதிரி நிரலை ஓட்டினோம். அக்கம்பக்கத்து வீட்டு வைஃபைகளோடு அவளுடைய ஹாட்ஸ்பாட்டின் பெயரும் பட்டியலில் வந்தது. அந்தக் கண்ணியும் சரி. பிறகு ஈரத்தையும் வைஃபையையும் சேர்த்து ஓட்டியபோது ஈரத்தின் எண் செத்துப்போனது. ஒவ்வொன்றாகச் சோதித்து வந்ததால் அவள் பதறவில்லை. "ரெண்டும் தனித்தனியா ஓடுச்சுங்க. சேர்க்கும்போதுதான் ஏதோ" என்றாள். சரியாகச் சொன்னாள். இந்தச் சில்லில் வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி இரண்டு இருக்கின்றன. இரண்டாவது பகுதியை வைஃபையும் எடுத்துக்கொள்ளும். அதனால் வைஃபை ஓடும்போது 32 முதல் 39 வரையுள்ள கால்கள்தான் சென்சாருக்கு உதவும். ஒயரை 34க்கு மாற்றினாள். எண் உயிர்பெற்றது.

அந்த எண் எப்படி ஃபோனுக்குப் போகிறது? பயிலரங்குகளில் பெரும்பாலும் எம்க்யூடிடி என்ற முறையைச் சொல்லித்தருவார்கள். 1999இல் ஆர்லன் நிப்பரும் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கியது. செயற்கைக்கோள் வழி பேசச் செலவு அதிகம், பேட்டரியும் மிச்சமாக வேண்டும். அதனால் சொல் சுருக்கமாக அமைந்தது. அதே சுருக்கம் இன்று நம் செடித்தொட்டிக்கும் பொருந்துகிறது.

ஊருக்கு வரும் பேப்பர் ஏஜென்ட்டை நினைத்துக்கொள்ளலாம். எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர் என்று அச்சிடுபவருக்குத் தெரியாது, ஏஜென்ட்டுக்குத் தெரியும். சந்தா கட்டியவர் வாசலில் அவர் கேட்ட பேப்பர் விழும். எம்க்யூடிடியில் அந்த ஏஜென்ட்டுக்கு புரோக்கர் என்று பெயர், பேப்பரின் பெயருக்கு டாபிக். போர்டு 'வீடு/மாடி/துளசி' என்ற டாபிக்கில் ஈரத்தை அனுப்புகிறது. அதற்குச் சந்தா கொடுத்த ஃபோனுக்கு அது வந்துசேர்கிறது. மஸ்கிட்டோ என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு கணினியில் நிறுவினால் அதுவே ஏஜென்ட் ஆகிவிடும்.

இங்கே பயிலரங்குக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஏஜென்ட்டிடம் ஒவ்வொரு போர்டும் தன் பெயரைச் சொல்லி நுழைய வேண்டும். ஒரே பெயரில் இன்னொருவர் வந்தால் முதலில் வந்தவரை வெளியேற்றிவிடுவது அதன் விதி. முப்பது பேரும் ஒரே மாதிரி நிரலை நகலெடுத்தால் முப்பது போர்டுக்கும் ஒரே பெயர். ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தால், முதலில் அந்தப் பெயரை உங்களுடையதாக மாற்றுங்கள்.

பூட்டைப் பற்றியும் பேசாமல் முடிக்கக் கூடாது. 2016இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தில் உலவியது. கேமராக்கள், ரவுட்டர்களைத் தேடிப் போய், கடையில் வாங்கியபோது இருந்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. பயனர் பெயரும் கடவுச்சொல்லுமாக அறுபது சொச்சம் இணைகள்தான். மாற்றாமல் விட்ட வீடுகள் ஏராளமாக இருந்தன. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு அந்த அக்டோபரில் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் திணறின. ஆகவே பயிலரங்குக்கென்று ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கடவுச்சொல் வைத்துக்கொள்ள வேண்டும். நிரலுக்குள் அது அப்படியே எழுதப்பட்டிருக்கும், நிரலை நண்பர்களுக்கு அனுப்பும்போது அழித்துவிட்டு அனுப்ப வேண்டும். பொதுவில் எல்லோரும் பயன்படுத்தும் புரோக்கரில் செடியின் ஈரத்தை அனுப்பலாம். வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதை அனுப்பக் கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி

எல்லாவற்றையும் டப்பாவில் திருப்பி வைக்கும்போது இன்னொன்றையும் எடுத்துப்போகச் சொன்னேன். தன்னுடைய ஒரு கேள்வியை.

1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காபிக் குடுவை இருந்தது. மாடிப்படி ஏறிப் போனால் பல நேரம் குடுவை காலியாக இருக்கும். அதனால் அதன் எதிரே ஒரு கேமராவை வைத்து, குடுவையின் படம் தங்கள் மேசைக் கணினிகளில் தெரியும்படி செய்துகொண்டார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கும் வந்தது. காபி இருக்கிறதா என்ற எளிய கேள்வியிலிருந்து வந்தது அது. கேள்வி சொந்தமாக இருந்தால் கற்பது தங்கும்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "எங்க காலேஜ் நாற்றுப் பண்ணையில ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்த ஆள் இல்லைங்க. திங்கக்கிழமை போனா ஓரத்துத் தட்டு நாத்தெல்லாம் வாடிக் கெடக்கும். நடுவுல இருக்கறது நல்லா இருக்கும். ஓரம் எப்ப காயுதுன்னு தெரிஞ்சா போதுங்க." நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். அவள் சனிக்கிழமைக்குத் தயாராகிவிட்டாள்.

பயிலரங்கு நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கேபிளையும் போர்டையும் இரண்டு நாள் முன்பே கொடுத்து, எதை நிறுவி வர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். போகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். படம் நகலாகிற கேபிள் ஒன்று, நிறுவி முடித்த மென்பொருள், 2.4க்கு மாற்றிய ஹாட்ஸ்பாட், ஒரு நோட்டு, ஒரு பென்சில், உங்களுடைய ஒரு கேள்வி, இவை போதும். கிளம்புமுன் வீட்டு மேசையில் அந்தச் சின்ன விளக்கை ஒருமுறை எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள். அது எரிந்திருந்தால், அடுத்த நாள் எது ஓடாமல் போனாலும் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று உங்களுக்குத் தெரியும்.